அம்மாவும் என் இஞ்சித் தொட்டியும்

நான் முதன்முதலில் வளர்த்த இஞ்சியைக் கொன்றது குளிர் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் கொன்றது நான்தான். தண்ணீர் ஊற்றியே கொன்றேன்.

மெல்பர்ன் நகரின் தென்கிழக்கு ஓரத்தில், கிரேன்போர்ன் என்ற இடத்தில் எங்கள் வீடு. கணவரின் வேலை காரணமாக 2022-இல் இங்கு குடிவந்தோம். நான் பிறந்து வளர்ந்தது பகாங் மாநிலத்தின் பெந்தோங். பெந்தோங் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். தித்திவங்சா மலைச்சரிவில் விளையும் இஞ்சி. விரல் பெருத்து, நார் குறைந்து, காரம் மட்டும் தூக்கலாக இருக்கும். பிள்ளை பெற்ற வீட்டுக்கென்று சீனக் குடும்பங்கள் அந்த முற்றின இஞ்சியைத்தான் தேடி வாங்கும். எங்கள் வீட்டில் தே ஆலியாவும் அதில்தான், தீபாவளி லேகியமும் அதில்தான்.

அந்த ஊர்க்காரி நான், இங்கே ஒரு நாள் கிலோ 40 டாலர் விலையில், தோல் சுருங்கிய இஞ்சி ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இஞ்சி தின்ற குரங்கு மாதிரி என் முகம் இருந்ததாகக் கணவர் சொன்னார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இனி நானே வளர்ப்பது என்று.

டெண்டினோங் சந்தையில் கண் பருத்த இஞ்சியாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, கட்டைவிரல் நீளத்துக்கு உடைத்து, நவம்பர் மாதம் தொட்டியில் ஊன்றினேன். இங்கே நவம்பர் என்பது கோடையின் வாசல். ஜனவரியில் குருத்து விட்டது. மார்ச்சில் முழங்கால் உயரத்துக்கு மேல் நின்றது. படம் எடுத்துப் புலனத்தில் அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா கட்டைவிரலை உயர்த்திய சின்னம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். அப்பா, "நல்லா இருக்கு. வித்துப் பணக்காரி ஆயிரு" என்று குரல் பதிவு அனுப்பினார்.

மே மாதம் இலைகள் மஞ்சளாகின. பசி போலிருக்கிறது என்று உரம் போட்டேன். மேலும் மஞ்சளாகின. தாகம் போலிருக்கிறது என்று காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஜூனில் தண்டு சாய்ந்தது. தோண்டிப் பார்த்தால், கையில் வந்தது கிழங்கு இல்லை. கூழ். அந்த நாற்றம் விரலை விட்டுப் போக இரண்டு நாள் ஆனது.

இரண்டாம் ஆண்டு கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டேன். இஞ்சிக்கு 20 முதல் 30 பாகை வரை வெயில் வேண்டும். வெப்பம் 10 பாகையை நெருங்கினாலே அது வளர்ச்சியை நிறுத்திவிடும். இங்கே ஜூலை மாதத்து இரவுகள் ஆறு, ஏழு பாகைக்கு இறங்கும். எங்கள் பக்கம் சில காலைகளில் புல்மேல் வெண்பனி பூத்துக் கிடக்கும். அதனால் மே மாதமே தொட்டியின் மேல் வைக்கோலைக் கனமாகப் பரப்பிப் போர்த்திவிட்டேன். குழந்தைக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி. மெல்பர்ன் குளிர்காலத்து மழை கொட்டித் தீர்க்கும் மழை இல்லை. தூறிக்கொண்டே இருக்கும். வைக்கோல் அந்த ஈரத்தையெல்லாம் குடித்து, மூன்று மாதம் கிழங்கின் தலையில் ஈரத்துணி போட்ட மாதிரி கிடந்தது. செப்டம்பரில் திறந்தேன். மறுபடியும் கூழ். தொட்டியின் ஓரத்தில், கூரைக்குக் கீழே மழை படாமல் இருந்த ஒரே ஒரு துண்டு மட்டும் கெட்டியாகக் கிடந்தது.

அந்த ஒரு துண்டுதான் கண்ணைத் திறந்தது. அதற்கும் அதே குளிர்தான். ஆனால் நனையவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு வியட்நாமியப் பாட்டி இருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. எனக்கு வியட்நாமிய மொழி சுத்தமாக வராது. வேலிக்கு மேலே என் தொட்டியை எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, வரச்சொல்லிக் கை காட்டினார். போனேன். அவர் வீட்டுப் பின்புறக் கூரைக்குக் கீழே தொட்டிகள் எல்லாம் பக்கவாட்டில் படுக்கவைக்கப்பட்டிருந்தன. நின்றால் மழை விழும், படுத்தால் விழாது. அவ்வளவுதான் விஷயம். பிறகு கார் நிறுத்தும் அறைக்குள் கூட்டிப்போய் ஒரு பாலிஸ்டைரின் பெட்டியைத் திறந்தார். கடைகளுக்குப் புரோக்கோலி வருமே, அந்த வெள்ளைப் பெட்டி. உள்ளே காய்ந்த தேங்காய் நார்த்தூள். அதில் கையை விட்டு ஒரு இஞ்சியை எடுத்துக் காட்டினார். கல் மாதிரி இருந்தது. இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடிக் காட்டினார். தூங்குகிறது.

அந்த அக்டோபரில் அப்பா இறந்துபோனார்.

நான் ஊருக்குப் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பினேன். வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், மிஞ்சியிருந்த அந்த ஒரு துண்டையும், பாட்டி கொடுத்த மூன்று துண்டுகளையும் ஊன்றினேன். ஜனவரியில் அம்மா வந்தார், வருகையாளர் விசாவில். தம்பி ஜொகூரில் வேலை பார்க்கிறான். பெந்தோங் தாமான் வீட்டில் அம்மா தனியாக இருப்பதை நாங்கள் இருவருமே விரும்பவில்லை. புறப்படும்போது அம்மா கைப்பையில் வீட்டு இஞ்சி ஒன்றைச் சுற்றி வைத்திருந்தாராம். "கொண்டு வராதீங்கம்மா. இந்த நாட்டுக்குள்ள பச்சைக் கிழங்கு விடமாட்டாங்க, அபராதம் போடுவாங்க" என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். விமான நிலையத்தில் அதைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

வந்த மறுநாள் 38 பாகை வெயில். அம்மா நேரே தொட்டிகளிடம் போனார். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார்.

"வெயில் கூட. நிழலுக்கு மாத்து. காலை வெயில் போதும் இதுக்கு" என்றார்.

தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில், லயத்துக்குப் பின்னால் அம்மா இஞ்சி போட்டிருந்தார். தோட்டம் கைமாறி நாங்கள் தாமானுக்கு வந்த பிறகும் வேலியோரம் நான்கு குழி எப்போதும் இருக்கும். எனக்குத் தெரியாதது அம்மாவுக்குத் தெரியும். தொட்டி ஆழமாக இருக்கவேண்டியதில்லை, அகலமாக இருக்கவேண்டும், இஞ்சி கீழே போகாது, பக்கத்தில்தான் நடக்கும் என்றார். கிழங்கு மண்ணுக்கு மேலே எட்டிப் பார்த்தால் மண் அணைக்கவேண்டும். ஒருமுறை இஞ்சி எடுத்த மண்ணில் மறுவருடமே இஞ்சி போடக்கூடாது. நோய் மண்ணிலேயே தங்கிவிடும். எங்கள் ஊர்ப்பக்கம் இஞ்சி போடுகிறவர்கள் ஒரு அறுவடை முடிந்ததும் வேறு நிலம் தேடிப்போவது அதனால்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள் அம்மா ஒரு தொட்டியின் ஓரத்தில் மண்ணை விலக்கி, இரண்டு விரலை விட்டு, நான் ஊன்றிய பழைய துண்டை மட்டும் பக்குவமாக உடைத்து எடுத்தார். நான் பதறிப்போனேன்.

"ஒன்னும் ஆகாது. இது தாய்க்கிழங்கு. பிள்ளைங்க வேர் விட்டாச்சு. உருளைக்கிழங்கு மாதிரி இது கரைஞ்சு போகாது. வெச்சது வெச்சபடி இருக்கும். எடுத்துத் துவையல் அரைக்கலாம்."

அன்று இரவு அதில்தான் துவையல். பேரங்காடி இஞ்சிக்கு இல்லாத காரம். பேரப்பிள்ளைகள் வாயை ஊதிக்கொண்டு ஓடினார்கள். அம்மா சிரித்தார். அப்பா போனபிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஏப்ரல் கடைசியில் தண்ணீரை நிறுத்தினோம். இலைகள் பழுத்துக் காய்ந்தன. இந்த முறை நான் உரத்தைத் தேடவில்லை. மே கடைசியில் தோண்டினோம். நான்கு துண்டு ஊன்றியதற்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கிடைத்தது. பாதியைத் தோல் சீவிக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைத்தோம். மீதியில் கண் நன்றாக உள்ள துண்டுகளை விதைக்கென்று ஒதுக்கி, நிழலில் நான்கு நாள் உலர்த்தி, பாட்டியைப் போலவே நார்த்தூள் பெட்டியில் புதைத்துத் துணி துவைக்கும் அறையில் வைத்தேன். விதை இஞ்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கக்கூடாது. சமையலுக்கு அது சரி. ஆனால் 12 பாகைக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் கண் கெட்டுவிடும்.

அம்மாவின் பேச்சு குறைந்தது அதன் பிறகுதான்.

ஜூன் மாதம் இங்கே மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். காலை ஏழரை வரைக்கும் விடியாது. பிறந்ததிலிருந்து ஏழுக்கு விடிந்து ஏழுக்கு இருட்டுகிற ஊரில் இருந்தவருக்கு இது பெரிய மாற்றம். அம்மா வெப்பமூட்டி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கேட்டால் பதில் வரும். கேட்காவிட்டால் இல்லை. தொலைக்காட்சியில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்வார்.

நான் சும்மா இருப்பேனா? அட்டவணை போட்டேன். திங்கட்கிழமை நூலகம். புதன்கிழமை மூத்தோர் ஒன்றுகூடல். சனிக்கிழமை கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒரு நண்பர் வீடு. அம்மா மறுக்கமாட்டார். சேலை மாற்றிக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். திரும்பி வந்ததும் அதே நாற்காலி. நான் புதுச் சேலை எடுத்தேன். பாட்டுப் போட்டேன். ஊர்க்கதை கேட்டேன். "ஏன்மா இப்படியே உட்கார்ந்திருக்கீங்க? நான் என்ன குறை வெச்சேன்?" என்று ஒரு நாள் குரலை உயர்த்தியும் கேட்டுவிட்டேன். "ஒரு குறையும் இல்லம்மா" என்றார். அந்தப் பதிலுக்கு என்ன சொல்வது?

மருத்துவரிடம் அழைத்துப்போனேன். இரத்தம் எடுத்தார்கள். தூக்கம், சாப்பாடு எல்லாம் விசாரித்தார்கள். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை, துக்கம் ஆற நாள் ஆகும், தூக்கமும் சாப்பாடும் குறைந்தால் உடனே வாருங்கள் என்றார் மருத்துவர். அம்மா சாப்பிட்டார், தூங்கினார். பேசத்தான் இல்லை.

இன்னொன்றையும் நான் செய்துகொண்டிருந்தேன். அம்மாவை இங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் பெற்றோர் விசாவுக்கான படிவங்களை நிரப்பத் தொடங்கியிருந்தேன். சின்ன விஷயம் இல்லை அது. கட்டணம் கூடுதலான வகைக்கு ஒருவருக்கே 40,000 டாலருக்கு மேல் ஆகும். கட்டணம் குறைந்த வகையில் வரிசை நகர முப்பது ஆண்டு. வீட்டுக் கடனோடு அந்தத் தொகையை எப்படிச் சேர்ப்பது என்று நானும் கணவரும் இரவில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பெந்தோங் வீட்டை விற்றால் எவ்வளவு வரும் என்றுகூடத் தம்பியிடம் கேட்டேன். அம்மாவிடம் மட்டும் கேட்கவில்லை. இந்த மனநிலையில் எதற்குத் தொல்லை கொடுக்கவேண்டும், எல்லாம் முடிவான பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

இஞ்சிப் பெட்டி விஷயத்திலும் என் புத்தி அதேதான். ஜூலை வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உள்ளே அழுகிவிட்டதா, காய்ந்து கருவாடாகிவிட்டதா? வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு துண்டையும் எடுத்து, தூளைத் தட்டி, கண்ணைத் தடவிப் பார்த்து, மறுபடி புதைப்பேன். ஒரு சனிக்கிழமை அப்படிப் பார்க்கும்போது ஒரு துண்டின் நுனி ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

"பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தா எதுடி முளைக்கும்?"

திரும்பிப் பார்த்தேன். அம்மா கதவோரம் நின்றிருந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு, நான் கேட்காமலேயே அம்மா வாயிலிருந்து வந்த வாக்கியம். இஞ்சியைப் பற்றித்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அன்றைக்கு முழுக்க அது என் காதிலேயே நின்றது.

"செத்துப்போச்சோன்னு பயமா இருக்கும்மா."

"கையில எடுத்தா கனம் தெரியும்ல? கனம் இருந்தா உசுரு இருக்கு. மூடி வை."

அடுத்த வாரம் அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டிக் கதவிலிருந்து எடுத்துவிட்டேன். நூலகம் இல்லை, ஒன்றுகூடல் இல்லை. கோயில் மட்டும், அம்மாவே கேட்டால். மாலையில் வேலை முடிந்து வந்ததும் அம்மா பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு நானும் உட்கார்ந்தேன். பேசவில்லை. சில நாள் கீரை ஆய்ந்தோம். சில நாள் அதுவும் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விட்டுவிடுவது என்றால் கவனிக்காமல் விடுவது இல்லை. பெட்டியையும் நான் மறந்துவிடவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பூஞ்சை நாற்றம் வருகிறதா என்று முகர்ந்து பார்ப்பேன். தூள் மிகவும் காய்ந்திருந்தால் கைவிரலால் நான்கு சொட்டுத் தெளிப்பேன். அம்மாவும் இரவில் தூங்குகிறாரா, தட்டில் எவ்வளவு சோறு மிஞ்சுகிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்ப்பேன், கிளறமாட்டேன்.

ஆகஸ்ட் பிற்பாதியில் பெட்டியை வெயில் விழும் சன்னல் பக்கம் மாற்றினேன். நாற்று விடுகிறவர்கள் பயன்படுத்தும் சூடாக்கும் விரிப்பு ஒன்றைக் கீழே போட்டேன். மாதக் கடைசியில் ஒரு நாள் காலை ஆறு மணி இருக்கும். அம்மா வந்து என்னை எழுப்பினார்.

"வா, வந்து பாரு."

தூளுக்கு மேலே, பயறு அளவுக்கு ஒரு முளை. மஞ்சளுமில்லாமல் பச்சையுமில்லாமல், நுனியில் கொஞ்சம் இளஞ்சிவப்பு. நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் தே கலக்கப் போனேன். உறைய வைத்திருந்த எங்கள் இஞ்சியையே தட்டிப் போட்டேன். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"உங்கப்பாவுக்கு இஞ்சியே பிடிக்காது. தெரியுமா ஒனக்கு?"

எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் காலையில் இஞ்சி போடாத தே நான் பார்த்ததே இல்லை. அப்பா அதைக் குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

"ஆஸ்பத்திரில இருக்கறப்ப சொன்னாரு. பிளாஸ்க்ல ஊத்திக் கொண்டு போனேன். சிரிச்சுக்கிட்டே, 'இதுவரைக்கும் சொல்லல, எனக்கு இந்த இஞ்சி வாசனையே ஆகாது'ன்னாரு. நாப்பது வருஷம். நாப்பது வருஷமா போட்டுக் குடுத்திருக்கேன். குடிச்சிருக்காரு." அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல? நான்தான் கேட்டேனா? மழையில வர்ற மனுஷனுக்கு நல்லதுன்னு நானா போட்டேன். பிடிக்குமா, பிடிக்காதான்னு ஒரு நாள் கேக்கல. இங்க வந்து உட்கார்ந்ததுல இருந்து அதேதான் மனசுல ஓடிக்கிட்டு இருக்கு."

அப்பா போனபிறகு அம்மா என் முன்னால் அழுதது அன்றுதான். நான் எதுவும் சொல்லவில்லை. தேநீர் ஆறிப்போனது. என் மனசு முழுக்க மேசை இழுப்பறைக்குள் இருந்த படிவங்களில்தான் நின்றது. நாற்பது வருடக் கணக்கு இல்லைதான். ஆனால் நானும் கேட்காமல்தானே போட்டுக்கொண்டிருந்தேன்?

அன்று இரவே எடுத்துவந்து அம்மா முன்னால் வைத்தேன். விசா, கட்டணம், வீட்டை விற்பது பற்றித் தம்பியிடம் பேசியது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா வெகுநேரம் காகிதங்களைப் பார்த்தார். எழுத்தைப் படிக்கவில்லை, சும்மா பார்த்தார்.

"வீட்ட விக்கணுமா?"

"உங்களுக்கு என்ன வேணும்மா? அத மட்டும் சொல்லுங்க."

"அப்பா மொத திதிக்கு நான் அங்க இருக்கணும்."

"திதி முடிஞ்சதும்?"

"அங்கதான் இருப்பேன். நீ கூப்பிட்டா வெயில் காலத்துல வந்துட்டுப் போறேன்."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க விரும்பவில்லை. தனியாக விழுந்தால் யார் தூக்குவது, இராத்திரி நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவது, என்னை நிம்மதியாகத் தூங்கவிடமாட்டீர்களா என்றெல்லாம் கேட்டேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்க நாலு வீடு தள்ளிக் குரல் குடுத்தா வருவாங்க. இங்க எனக்குக் குரல் குடுக்கவே தெரியல" என்றார். இரண்டு நாள் நான் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தம்பியை அழைத்தேன். அம்மா வீட்டுக் குளியலறையில் கைப்பிடி பொருத்துவது, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்து வைப்பது, மாதம் இரண்டு வாரக்கடைசி அவன் போய்வருவது என்று பேசி முடித்தோம். படிவங்கள் இன்னும் இழுப்பறையில் இருக்கின்றன. கிழிக்கவில்லை. அம்மா மனசு மாறினால் இருக்கட்டும். என் பயமும் முழுசாகப் போய்விடவில்லை.

செப்டம்பர் கடைசியில் அம்மா புறப்பட்டார். முளைகள் அப்போது சுண்டுவிரல் நகம் அளவு. "குளிர் விட்டுருச்சுன்னு அவசரப்படாத" என்பதுதான் விமான நிலையத்தில் அம்மா கடைசியாகச் சொன்னது. இந்த ஊர்க்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். நவம்பர் முதல் செவ்வாய் மெல்பர்ன் கிண்ணக் குதிரைப் பந்தயம். அன்றைக்குத்தான் தக்காளி நாற்றை வெளியே வைக்கவேண்டும் என்பது இங்குள்ள வழக்கு. இஞ்சிக்கு அதைவிட இன்னும் பத்து நாள் சேர்த்துக் காத்திருந்தேன். இரவில் 12 பாகைக்குக் கீழே போகாத நாளாகப் பார்த்து, புது மண் நிரப்பி, இரண்டு அங்குல ஆழத்தில், கண் மேல்நோக்க ஊன்றினேன். அம்மா பெந்தோங்கிலிருந்து கைப்பேசியில் பார்த்துக்கொண்டே, "தள்ளி வை, தள்ளி வை" என்று விரட்டினார். பின்னால் அவருடைய வேலியோர இஞ்சி தெரிந்தது. அங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

இஞ்சிக்கு நாம் விதைப்பதற்கென்று விதை கிடையாது. காட்டில் தானாக முளைத்துக் கிடக்கும் இஞ்சியை யாரும் கண்டதில்லை என்கிறார்கள். ஒருவர் தோண்டி, ஒரு துண்டு உடைத்து, இன்னொருவர் கையில் கொடுத்தால்தான் அது அடுத்த ஆண்டுக்குப் போகும். என் தொட்டியில் இருப்பது அம்மாவின் இஞ்சி இல்லை. சந்தை இஞ்சியும் பாட்டியின் இஞ்சியும் கலந்தது. அது எந்த நாட்டு வகை என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. "காரமா இருக்குல்ல? போதும்" என்கிறார்.

உங்கள் பிள்ளைகள் மெல்பர்னிலோ இலண்டனிலோ இருந்து, இஞ்சி வைக்கவேண்டும் என்று கேட்டால், நான் பட்டதைச் சொல்லுங்கள். அகலமான தொட்டி. காலை வெயில். கோடையில் தாராளமாகத் தண்ணீர். இலை மஞ்சளானால் தண்ணீரை நிறுத்தவேண்டும், கூட்டக்கூடாது. குளிர்காலம் முழுக்கக் காய்ந்த இடம். முளைக்கும்வரை கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். இதில் கடைசியாகச் சொன்னதுதான் கடினம்.

இதை எழுதும்போது மறுபடி மே மாதம். இலைகள் நுனியிலிருந்து பழுக்கத் தொடங்கிவிட்டன. ஜனவரியில் அம்மா ஆறு வாரம் வந்து இருந்துவிட்டு, தாய்க்கிழங்கை எல்லாம் எடுத்துத் துவையல் அரைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். காலையில் அவர் கலக்கும் தேயில் இப்போது இஞ்சி இல்லை. நான் கேட்கவில்லை. வேண்டும்போது அவரே தட்டிப் போட்டுக்கொள்வார்.

நேற்று இரவு அழைத்திருந்தார். "இஞ்சி என்னாச்சு, காஞ்சிருச்சா?"

"காயுதும்மா. தண்ணிய நிறுத்திட்டேன்."

"ம். விடு, காயட்டும்" என்றார். பிறகு, நான் கேட்காமலே, அரை மணி நேரம் பேசினார்.